காருக்கு சூப்பர்சார்ஜர் போடலாமா? கிட் விலையைத் தவிர மீதிக் கணக்கு

கார் லோன் பத்தி வீடியோ போட்டதுக்கப்புறம் ஒரு தம்பிகிட்ட இருந்து நீளமா ஒரு மெயில். சொந்த ஊர் திருவேங்கடம், வேலை கோயம்புத்தூர்ல. கையில 1.5 லிட்டர் பெட்ரோல் செடான், லோன் இன்னும் ஓடிட்டு இருக்கு. மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு நண்பர்களோட போறார். "சூப்பர்சார்ஜர் போடலாம்னு இருக்கேன் சார், பர்சனல் லோன் எடுக்கலாமா, இல்ல மியூச்சுவல் ஃபண்டை உடைக்கலாமா?" இதுதான் கேள்வி.

திருவேங்கடத்துல இருந்து இப்படி ஒரு கேள்வி வரும்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். நானும் சங்கரன்கோவில் பக்கம்தான். எங்க ஊர்ல டர்போன்னா டிராக்டர் ஷோரூம்ல கேட்கிற வார்த்தை. ஆனா 2024-ல சென்னைத் தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில ஃபார்முலா 4 ஓடினதையும், 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித் குமாரோட டீம் தன் பிரிவுல மூணாவது வந்ததையும் பார்த்த பசங்களுக்கு இந்த ஆசை வர்றதுல ஆச்சரியம் இல்லை. ஆசை தப்புன்னு இங்க யாரும் சொல்லப்போறதில்ல. ஆனா லோனா ஃபண்டாங்கிறது இதுல கடைசிக் கேள்வி. அதுக்கு முன்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கு.

முதல்ல பொருள் என்னன்னு புரிஞ்சுக்குவோம். காசு எங்க போகுதுங்கிறது அதுல இருந்துதான் வரும்.

பெட்ரோல் எரியக் காற்று வேணும். சாதாரண எஞ்சின் தானா உறிஞ்சற காற்றை வெச்சு ஓடுது. இன்னும் காற்றை அழுத்தித் திணிச்சா, அதுக்கேத்த பெட்ரோலையும் சேர்த்து எரிக்கலாம், பவர் கூடும். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரிதான். இது வெறும் உவமை இல்ல. அமெரிக்காவுல ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல பேட்டன்ட் வாங்கின ஊதுகருவி உண்மையிலேயே உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டதுதான். பின்னாடி அதுதான் காருக்குள்ள வந்தது. இன்னிக்கும் "ரூட்ஸ் டைப்"னு ஒரு வகை சூப்பர்சார்ஜர் இருக்கு.

டர்போவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? டர்போ, சைலன்சர் வழியா வீணாப் போற புகையோட வேகத்துல சுத்தும். சூப்பர்சார்ஜர், எஞ்சினோட கிராங்க்ல இருந்து பெல்ட் போட்டுச் சுத்தும். அதனால ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச உடனே பதில் வரும், காத்திருக்க வேண்டாம். வளைவுல இருந்து வெளியே வரும்போது அந்த உடனடி இழுவை ரொம்பப் பிடிக்கும். ட்ராக் ஓட்டறவங்க இதை விரும்பறதுக்குக் காரணம் அதுதான். ஆனா பெல்ட் சும்மா சுத்தாது. கிடைக்கிற பவர்ல ஒரு பங்கை அந்தத் துருத்தியே சாப்பிடும்.

இப்ப நம்ம ஊர் வெயிலுக்கு வருவோம். காற்றை அழுத்தினா சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு பம்ப்போட அடியைத் தொட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். வெளியில 40 டிகிரி, சூப்பர்சார்ஜர் 0.4 பார் கூடுதல் அழுத்தம் தருதுன்னு வைங்க. 60 சதவீதத் திறனோட வேலை செய்யற ஒரு ஊதுகருவியில இருந்து வெளியே வர்ற காற்று ஏறக்குறைய 92 டிகிரி. சூடான காற்று விரிஞ்சு லேசாயிடும். அதனால அழுத்தம் 40 சதவீதம் கூடினாலும், எஞ்சினுக்குள்ள போற காற்றோட எடை சுமார் 20 சதவீதம்தான் கூடும். பாதி அங்கேயே போச்சு. நடுவுல ஒரு இன்டர்கூலர் வெச்சு அதை 55 டிகிரிக்குக் குளிர வெச்சா 33 சதவீதம் வரை வரும். ஆக, இன்டர்கூலர் இல்லாத கிட் விலை குறைவுன்னு யாராவது சொன்னா, எதுக்குக் குறைவுன்னு கேட்டுக்குங்க.

அந்தச் சூட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உங்க கார் எஞ்சின் தானா மூச்சு விடறதுக்காக வடிவமைச்சது, அதோட கம்ப்ரஷன் ரேஷியோ அதிகம். அதுக்குள்ள அழுத்தின சூடான காற்றை விட்டா, ஸ்பார்க் ப்ளக் பொறி விடறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ கலவை தாறுமாறா வெடிக்கும். மெக்கானிக்குங்க "நாக்கிங்"னு சொல்றது இதைத்தான். பிஸ்டன் உடையறது பெரும்பாலும் இதனாலதான். தடுக்கணும்னா அதிக ஆக்டேன் பெட்ரோல், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இ.சி.யூ.-வை டைனோவுல ஏத்தி முறையா ட்யூன் பண்றது, எல்லாம் வேணும். இந்தியன் ஆயிலோட 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பர்ல டெல்லியில அறிமுகமானப்பவே லிட்டர் 160 ரூபாய். ட்ராக்ல கார் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னு ஒரு தடவை போய்ட்டு வந்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் பிரேக். நேர் ரோட்டுல முன்னாடி 140-ல பிரேக் மிதிச்ச இடத்துல இப்ப 155-ல மிதிப்பீங்க. வித்தியாசம் வெறும் 15 தானேன்னு தோணும். ஆனா பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி வேகத்தோட வர்க்கத்துல கூடும். கிட்டத்தட்ட 23 சதவீதம் அதிகச் சூடு, ஒவ்வொரு ரவுண்டுலயும். பழைய பேட், பழைய பிரேக் ஆயில் அதைத் தாங்காது.

இப்ப தொகையைப் போடுவோம்

இது என்னோட உதாரணக் கணக்கு. உங்க கொட்டேஷனை வாங்கி எண்களை மாத்திக்குங்க. கிட் இறக்குமதி பண்ணிக் கைக்கு வர 3,00,000. இன்டர்கூலரும் பைப்பும் 50,000. இன்ஜெக்டர், பம்ப், ட்யூனிங் எல்லாம் சேர்ந்து 90,000. கூடுதல் இழுவைக்கு கிளட்ச் 35,000. பிரேக் பேட், ஆயில், ஆயில் கூலர் 50,000. லேபர் 40,000. மொத்தம் 5,65,000. நீங்க மனசுல வெச்சிருந்த கிட் விலை இதுல பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இறக்குமதி பத்தி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வெப்சைட்ல பார்க்கிற டாலர் விலையை அப்படியே 80, 90-ஆல பெருக்காதீங்க. பொருள் விலையோட ஃபிரைட்டும் இன்ஷூரன்ஸும் சேர்த்து அது மேல கஸ்டம்ஸ் டியூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மேல ஐ.ஜி.எஸ்.டி. வரி மேல வரி. உள்ளூர்ல வாங்கற பெரும்பாலான ஆட்டோ பார்ட்ஸ் மேல இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆயிடுச்சு, அது நல்ல விஷயம். ஆனா சம்பளக்காரருக்கு இன்புட் கிரெடிட் கிடையாது, கட்டினா கட்டினதுதான். கிரெடிட் கார்டுல டாலர்ல கட்டினா ஃபாரெக்ஸ் மார்க்கப், அந்த மார்க்கப் மேலயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.

கையில இருந்து 65,000 போட்டுட்டு, 5 லட்சம் பர்சனல் லோன். 14 சதவீதம், 36 மாசம். இ.எம்.ஐ. 17,089. கட்டி முடிக்கும்போது 6,15,204. கைக்காசையும் சேர்த்தா மொத்தம் 6,80,000. வருஷத்துக்கு நாலு நாள் நீங்க காரை உண்மையிலேயே முழு வேகத்துல விரட்டறதா வெச்சா, மூணு வருஷத்துல 12 நாள். ஒரு நாளுக்கு 56,667 ரூபாய். டயர், பெட்ரோல், ட்ராக் கட்டணம் இதுல சேரலை.

தம்பி தன் சம்பளத்தையும் எழுதியிருந்தார். அதைச் சொல்ல மாட்டேன். கைக்கு 60,000 வாங்கற ஒருத்தருக்கு ஏற்கனவே கார் இ.எம்.ஐ. 12,500 போகுதுன்னு வைங்க. இதையும் சேர்த்தா 29,589. சம்பளத்துல பாதி ஒரு காருக்கே போகுது, அதுவும் வாடகை, வீட்டுக்கு அனுப்பற பணம் எல்லாத்துக்கும் முன்னாடி.

ஃபண்டை உடைக்கிறதும் இதே கதைதான். வட்டி மிச்சம், ஆனா அந்த யூனிட்டுகள் போய்டும், லாபம் இருந்தா அதுக்கு வரியும் வரலாம். ரெண்டுல எதுன்னு கட்டாயப்படுத்திக் கேட்டா, 14 சதவீதக் கடனைவிட ஃபண்டை உடைக்கிறது தேவலாம். எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் தொடாதீங்க.

"சார், கார் விக்கும்போது கொஞ்சம் திரும்ப வருமே?" வராதுன்னு எடுத்துக்குங்க. மாத்தின எஞ்சின்னா செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவர் விலையைக் குறைப்பார், கூட்ட மாட்டார். நஷ்டத்தை இன்கம் டேக்ஸ்ல எங்கேயாவது காட்டலாமான்னா அதுவும் முடியாது. சொந்த உபயோகக் கார் வருமான வரிச் சட்டப்படி கேபிடல் அசெட்டே இல்ல. லாபத்துக்கு வரி இல்ல, நஷ்டத்துக்கு செட் ஆஃபும் இல்ல. (யூடியூப் சேனல் ஆரம்பிச்சு அதுல செலவாக் காட்டலாமான்னு உடனே ஒரு யோசனை வரும். வருமானம் இல்லாத சேனலுக்கு ஆறு லட்சம் செலவு காட்டினா, அசெஸிங் ஆபீசரே முதல் சப்ஸ்கிரைபர் ஆயிடுவார்.)

இன்ஷூரன்ஸ்: இங்கதான் பள்ளம்

மேல சொன்னது எல்லாம் தெரிஞ்ச செலவு. பட்ஜெட் போட்டு சமாளிக்கலாம். என்னைப் பயமுறுத்தறது தெரியாத செலவு.

உங்க கார் பாலிசியை எடுத்து "லிமிட்டேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்"ங்கிற பகுதியைப் படிங்க. பெரும்பாலும் முதல் பக்கத்துலயோ ஷெட்யூல்லயோ இருக்கும். ஆர்கனைஸ்ட் ரேசிங், பேஸ் மேக்கிங், ரிலையபிலிட்டி ட்ரையல், ஸ்பீட் டெஸ்டிங் தவிர மத்த உபயோகத்துக்குத்தான் பாலிசின்னு இருக்கும். "நான் ரேஸ் ஓட்டலையே, சும்மா ட்ராக் டேதானே" அப்படீன்னு சொல்லலாம். ஆனா ஸ்டாப்வாட்ச் வெச்சு லேப் டைம் பார்த்து, அதை இன்ஸ்டாகிராம்லயும் போட்ட பிறகு, அது ஸ்பீட் டெஸ்டிங் இல்லைன்னு சர்வேயர்கிட்ட எப்படி வாதாடுவீங்க? ட்ராக்ல சுவத்துல இடிச்சா அந்தச் செலவு உங்களுதுதான்னு முடிவு பண்ணிட்டே உள்ள போங்க.

ட்ராக் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு ரோடுதான் பெரிய கவலை. இதே கார்லதான் பொங்கலுக்கு ஊருக்கு வரணும். கோயம்புத்தூர்ல இருந்து திருவேங்கடம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு குலதெய்வம் கோயிலுக்கும் இதுலதான் போகணும். கம்பெனிக்குச் சொல்லாம எஞ்சினை மாத்தின காரோட ரோட்டுல விபத்துன்னா, ஓன் டேமேஜ் க்ளெய்மை மறுக்க அவங்ககிட்ட ஒரு காரணம் தயாரா இருக்கு.

ஒரு வருஷம் கழிச்சு அப்படி டோட்டல் லாஸ் ஆகி க்ளெய்ம் மறுக்கப்பட்டா என்ன ஆகும்னு பார்ப்போம். பர்சனல் லோன் பாக்கி சுமார் 3,56,000. கார் லோன் பாக்கி 4,00,000-னு வைங்க. ஏழரை லட்சத்துக்கு மேல கடன், கையில கார் இல்ல. கார் வங்கிக்கு ஹைப்பாதிகேஷன்ல இருக்கு, ஆனா கார் போனதால கடன் போகாது. 29,589 ரூபாய் மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கும், பஸ்ல ஆபீஸ் போயிட்டே.

இன்னும் மோசமானது, எதிர்ல இருந்தவருக்கு அடிபட்டா. தேர்ட் பார்ட்டி கவர்ல மரணத்துக்கோ காயத்துக்கோ இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்றதுதான் தொகை. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 150-ஆவது பிரிவுல, இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் தரப்பைக் காப்பாத்திக்க எடுத்து வைக்கக்கூடிய காரணங்கள்ல ஆர்கனைஸ்ட் ரேசிங், ஸ்பீட் டெஸ்டிங் பேர் சொல்லியே இருக்கு. பாலிசி நிபந்தனையை மீறின கேஸ்கள்ல, பாதிக்கப்பட்டவருக்கு முதல்ல கம்பெனி கொடுக்கட்டும், பிறகு வண்டி ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு வந்த தீர்ப்புகள் நம்ம நாட்டுல நிறைய. அந்த ஓனர் நீங்க. ஊர்ல இருக்கிற காட்டையும் வீட்டையும் நினைச்சுப் பாருங்க.

உங்க உடம்புக்கான இன்ஷூரன்ஸ்ல நிலைமை அவ்வளவு மோசமில்ல. ஹெல்த் பாலிசிகள்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்கு வாசகத்துல மோட்டார் ரேசிங் இருக்கு, ஆனா "ப்ரொஃபஷனலா" ஈடுபட்டாத்தான்னு இருக்கும். பொழுதுபோக்கா ஓட்டறவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய பாதுகாப்பு. பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசிக்கு இதே வாசகம் இருக்கும்னு நம்பிடாதீங்க, தனியாப் படிங்க. டெர்ம் பாலிசி எடுக்கும்போது ஆபத்தான பொழுதுபோக்கு உண்டான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க.

சட்டம் சுருக்கமா: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.-யில இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில கேரளாவுல இருந்து வந்த ஒரு வழக்குல இதையே உறுதியாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். சங்கரன்கோவில் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரும் பானட்டைத் திறந்து பார்க்க மாட்டாங்கன்னு நீங்க சொல்லலாம். பார்க்க மாட்டாங்கதான். விபத்துக்கு அப்புறம் திறப்பாங்க.

அப்ப என்னதான் பண்றது?

கரி ஸ்பீட்வே யார் பேர்ல இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? எஸ். கரிவர்தன், கோயம்புத்தூர்க்காரர். மாருதி 800 எஞ்சினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒரு ரேஸ் காரை உருவாக்கினவர். இன்னிக்கு ஆபீஸ் பார்க்கிங்ல நிக்கிற பெரும்பாலான கார்களைவிடவும் சின்ன எஞ்சின். நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல முதல் ரேஸ் ஓட்டினது அந்த ஃபார்முலா மாருதியிலதான், அதுலயே பரிசு மேடையும் ஏறினார். 2005-ல ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் அவர். பவர் குறைவா இருந்ததால வளைவுல வேகத்தை இழக்காம ஓட்டக் கத்துக்கிட்டே ஆகணும், வேற வழியில்ல.

கரி ட்ராக் ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, முழுக்க வளைவு. இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். ரெண்டு இடத்துலயும் புதுசா ஓட்டறவங்க நேரத்தைத் தொலைக்கிறது திருப்பங்கள்லதான். சூப்பர்சார்ஜர் நேர் ரோட்டுல கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். நல்ல டயர், ட்ராக் பேட், கொதிநிலை அதிகமான பிரேக் ஆயில், கூட உட்கார்ந்து திருத்தற ஒரு பயிற்சியாளர், இவ்வளவும் அந்த 6,80,000-ல ஒரு சின்னப் பகுதிக்குள்ள அடங்கும். ரேசிங் பள்ளிகள்ல அவங்க ஃபார்முலா கார்லயே ஓட்டலாம். இடிச்சா நீங்க எவ்வளவு வரை பொறுப்புன்னு ஃபார்ம்ல இருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி படிச்சிடுங்க.

ரெண்டு மூணு வருஷம் இப்படி ஓட்டின பிறகும் சூப்பர்சார்ஜர் ஆசை இருந்தா, அப்ப நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா வீட்டுக் கார்ல வேண்டாம். லோன் இல்லாத ஒரு பழைய ஹேட்ச்பேக்கை ட்ராக்குக்குன்னே வாங்குங்க, ரோட்டுல ஓட்டாம லாரியில ஏத்திக் கொண்டு போங்க. கடன் வாங்காத காசு, முழுசா நொறுங்கினாலும் அடுத்த மாச வாடகை ஆடாத காசு, அதுக்குள்ள அடங்கினா போடுங்க.

இல்ல சார், இந்தக் கார்லயேதான்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க, ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப் பண்ணினா போதாது. என்ன மாத்தப் போறீங்க, எவ்வளவு பவர் கூடும், ட்ராக்குக்குக் கொண்டு போவீங்கங்கிறதை எல்லாம் ஒளிக்காம எழுதி, "இதுக்கு எண்டார்ஸ்மென்ட் தருவீங்களா, ரோட்டுல எனக்கு என்ன கவர் இருக்கும்?"னு கேளுங்க. தர்றேன்னு எழுத்துல பதில் வந்தா, பிரிண்ட் எடுத்து ஆர்.சி.-யோட சேர்த்து வைங்க, அடுத்து ஆர்.டி.ஓ. அனுமதியைப் பார்ப்போம். முடியாதுன்னு வந்தாலோ, பதிலே வரலைன்னாலோ, கிட்டை கார்ட்ல இருந்து எடுத்துடுங்க. அந்த மெயிலோட மாதிரி வடிவத்தை இந்த வார வீடியோவுக்குக் கீழ போட்டிருக்கேன், பேரையும் பாலிசி நம்பரையும் மட்டும் மாத்திக்குங்க.